பசியின் நஞ்சு

தொட்டிக்குள் விட்ட மீன் அந்தச் சங்கை உரசிக்கொண்டு போயிற்று. சங்கு அதைச் சட்டை செய்யவில்லை. அதன் மெல்லிய துதிக்கை வேறு பக்கம் நீண்டிருந்தது. மூலையில் தவறி விழுந்து கிடந்த ஒரு கூழ் உருண்டையைத்தான் அது தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அமலோற்பவம் அந்த உருண்டையை எடுத்துவிடத்தான் கையுறையை மாட்டினாள். பக்கத்து மேசைச் சோதனைக்காகத் தயாரித்து வைத்தது அது. உள்ளே மனிதப் புற்றுநோய்ச் செல்களும் நல்ல செல்களும் கலந்திருந்தன. கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். பட்டினி போட்டாலும் மீனைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காத பிராணி, முன்பின் அறியாத ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அமலோற்பவத்துக்குத் தெரியாத நஞ்சு இல்லை என்பார்கள். கூம்புச் சங்குகள்தான் அவளுடைய உலகம். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே அம்பு மாதிரி ஒரு பல் ஒளிந்திருக்கும். மீன் கிட்டே வந்ததும் அந்த அம்பு பாயும், மீன் விறைத்துவிடும். இந்த நஞ்சுகளில் ஒன்றிலிருந்து வலிக்கு மருந்து வந்து பல காலமாகிவிட்டது. புற்றுநோய்க்கும் ஒன்று வரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான், பவளப்பாறைகளைத் தாண்டி ஆழத்தில் இறங்கிய ஆளில்லாக் கலம் இந்தச் சாம்பல் நிறச் சங்குகளைக் கொண்டுவந்தது. ஒரு கைப்பிடி அளவுதான் கிடைத்தன. மறுபடி இறங்கித் தேடியபோது ஒன்றுகூட அகப்படவில்லை.

சங்கு சில நாட்கள் அந்த உருண்டையின் பக்கத்திலேயே கிடந்தது. பிறகு ஒரு காலையில் கொத்தியது.

அமலோற்பவம், கூட வேலை செய்பவர்களுக்கு அமலா, உருண்டையை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். அப்புறம் டாக்டர் மக்தூமுக்கு போன் போட்டாள்.

மக்தூம் காயல்பட்டினத்துக்காரர். புற்றுநோய் மருத்துவர். அமலாவின் ஒவ்வொரு புது மருந்தும் கண்ணாடித் தட்டில் ஜெயித்து உடம்பில் தோற்றதை எல்லாம் பார்த்தவர். அதனால் அவசரப்படாமல் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நுண்ணோக்கியிலிருந்து அவர் தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இது எப்படி?" என்றார். "புற்றுச் செல் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அதை ஒட்டியே இருக்கிற நல்ல செல் உயிரோட இருக்கு. புற்றுச் செல் ஒண்ணுகூடத் தப்பலை, அமலா. எல்லையே போட்டு வச்ச மாதிரி இருக்கு."

"மத்தக் கூம்புச் சங்குகளுக்கு நஞ்சு பிறவியிலேயே அமைஞ்சது, சார். இது அப்படியில்லை. இரையை முதல்ல முகர்ந்து படிக்குது. படிச்சுட்டு, அதுக்குன்னே ஒரு நஞ்சைச் சமைக்குது. தனக்கு எது உணவுன்னு முடிவு பண்ணுதோ அதை மட்டும் கொல்லுற நஞ்சு."

"புற்றுநோயை உணவுன்னு முடிவு பண்ணிச்சா?"

"வேகமா வளர்ற சதை. ஆழத்துல இரை கிடைக்கிறதே அபூர்வம். அதோட கண்ணுல இது ஒரு விருந்தா இருந்திருக்கும்."

மக்தூம் தொட்டியைப் பார்த்தார். சாம்பல் நிறச் சங்கு மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. முப்பது வருஷம் தான் துரத்தியும் பிடிபடாத எதிரியை இந்தச் சின்னப் பிராணி இரை என்று நினைத்திருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர்கள் வழக்கமான எல்லா வழிகளிலும் முட்டிப் பார்த்தார்கள். நஞ்சைப் பீய்ச்சி எடுத்தால் நிமிஷத்தில் குலைந்து வெறும் நீராகிவிட்டது. செயற்கையாகச் செய்தால் அதே பொருள்கள், அதே அளவு. ஆனால் வேலை செய்யவில்லை. சங்கின் பல்லிலிருந்து நேராக உயிருள்ள உடம்புக்குள் போனால்தான் உண்டு. புற்றுக்கட்டி வந்த எலிகளில் அப்படித்தான் செய்தார்கள். எலிகள் பிழைத்தன. ஒன்றே ஒன்று செத்தது. கொத்தப்போகும் நேரத்தில் யாரோ தொட்டியின் மேல் கைபட்டுத் தட்டிவிட்டார்கள். அந்த எலி துடிக்கக்கூட இல்லை.

அனுமதிக்கான கூட்டங்கள் நடந்தன, நடந்துகொண்டே இருந்தன. கடைசியில், வேறு சிகிச்சை எதுவும் மிச்சமில்லாத ஒருவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவு வந்தது. மக்தூம் ஆவுடையப்பனை அழைத்து வந்தார்.

ஆவுடையப்பனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது. சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி பூங்கனி அவனைப் பிடிக்காமலும் விடாமலும் பக்கத்திலேயே நின்றாள்.

"இத்தன வருசமும் கடல மேல இருந்துதான் பாத்திருக்கேன், மேடம்," என்றான் அவன், தொட்டியைக் குனிந்து பார்த்தபடி. "கேபின்ல உக்காந்தா தகடு மாதிரி கெடக்கும். உள்ள இப்படியெல்லாம் இருக்கும்னு யாரு கண்டா."

"இது அவுகளக் கொத்துமா, டாக்டரம்மா?" என்றாள் பூங்கனி.

"கொத்தணும். அதுதான் வைத்தியம்."

"ஊசியில எடுத்துப் போடக்கூடாதா?"

"எடுத்த உடனே குலைஞ்சுருதும்மா. எவ்வளவோ பார்த்துட்டோம்." அமலா ஸ்டூலை இழுத்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லிடுறேன். இந்தச் சங்குக்கு ரெண்டு விஷம் இருக்கு. பசிக்கிறப்ப ஒண்ணு, பயப்படுறப்ப ஒண்ணு. பசியில வர்றது கட்டியை மட்டும் தேடிப் போய்க் கொல்லும். பயத்துல வர்றது அப்படியில்லை. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதிர்ல இருக்கிறது செத்தாப் போதும் அதுக்கு."

பூங்கனியின் கை வாயை மூடிக்கொண்டது. ஆவுடையப்பன் மட்டும் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அது எங்கிட்ட பசியோட வரணும்."

"ஆமா."

"பயப்படாம வரணும்."

"ஆமா."

"அப்படின்னா நானும் பயப்படக்கூடாது, இல்லையா?"

அமலா தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள். "கை நடுங்கினா தண்ணி நடுங்கும். தண்ணி நடுங்கினா அது பயப்படும்," என்றாள்.

"சரி," என்றான் அவன். "கட்டியில கொஞ்சம் எடுத்து அதுக்குக் குடுங்க. என் ருசி தெரியட்டும்."

பூங்கனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே அங்கே தடவியும் விட்டாள்.

கட்டியிலிருந்து எடுத்த துணுக்குகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மற்ற எந்த உணவும் போடாமல், ஒரு சங்குக்கு மட்டும் கொடுத்து வந்தார்கள். முதலில் அது தயங்கியது. பிறகு முகர்ந்தது. பிறகு ஒரு நாள் கொத்தி விழுங்கியது. அதற்கு மறுவாரம், துணுக்கு தண்ணீரைத் தொடும் முன்பே தொட்டியின் அந்த மூலைக்கு வந்து காத்திருக்கத் தொடங்கியது.

சிகிச்சையை ஒரு காலை வேளையில் வைத்துக்கொண்டார்கள். ஆவுடையப்பனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து வலது கையைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். பக்கத்தில் மூச்சுக்கருவி தயாராக இருந்தது. மக்தூம் அதன் குமிழிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பூங்கனியை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. சுவரோடு சுவராக நின்றாள்.

சங்கு மணலிலிருந்து எழுந்தது. துதிக்கையை நீட்டி, தண்ணீரில் எதையோ எழுதிப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டியது. அவன் மணிக்கட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. இன்னும் ஒரு விரற்கடை தூரம்தான்.

அப்போது துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது.

கட்டடம் முழுக்க அந்த ஒலி இறங்கியது. தண்ணீரில் மெல்லிய வரிகள் ஓடின. சங்கு சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மூடிக்கொண்ட ஓடு மட்டும் அவன் கையருகே கிடந்தது.

"கையை எடுங்க," என்றார் மக்தூம். "இன்னிக்கு வேண்டாம்."

"எடுத்தா தண்ணி கலங்கும், சார்." ஆவுடையப்பன் உதடு மட்டும் அசையப் பேசினான். "இப்பத்தான் பயந்திருக்கு. இப்ப நான் கைய உருவுனா, அடுத்தவாட்டி எங்கையப் பாத்தாலே பயம்தான் வரும். இருக்கட்டும்."

மக்தூம் அமலாவைப் பார்த்தார். அவளிடம் இருந்த எந்தக் கருவியிலும் இதற்கு விடை இல்லை. அந்த ஓட்டுக்குள் இப்போது எந்த நஞ்சு ஊறிக்கொண்டிருக்கிறது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அவள் மெதுவாகத் தலையசைத்தாள். இருக்கட்டும்.

காத்திருந்தார்கள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய கை தொட்டியில் கிடந்த மணலைப் போலக் கிடந்தது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் மேசையை விட்டுத் தரைக்கு நகர்ந்தது. பூங்கனி மூச்சு விடுகிறாளா என்றுகூட அமலாவுக்குச் சந்தேகம் வந்தது.

ஓட்டின் வாயில் முதலில் ஒரு கண் எட்டிப் பார்த்தது. பிறகு துதிக்கை வந்தது. தண்ணீரை முகர்ந்தது. மறுபடி தேட ஆரம்பித்தது, நேரே வந்தது, மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி ஓடும் இடத்தில், ஒரு முத்தம் போல ஒட்டியது.

"கொத்திருச்சு," என்றான் ஆவுடையப்பன்.

கை மரத்தது. பிறகு தோள் மரத்தது. உதடு தடித்துப் பேச்சு குழறியது. மக்தூமின் விரல் குமிழைத் திருகப் போனது. ஆனால் மூச்சு நிற்கவில்லை. மார்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வெயில் சுவரில் ஏறும் வரை மூன்று பேரும் அந்த மார்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு நிற்கவே இல்லை.

அடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டிகள் சுருங்கியிருந்தன. அதற்கடுத்ததில் அவற்றைத் தேட வேண்டியிருந்தது. மழைக்காலம் முடியும்போது கணையத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. ஆவுடையப்பனுக்குச் சட்டை மறுபடி பொருந்தியது. மக்தூம் ஒவ்வொரு படத்தையும் அமலாவுக்குக் காட்டிவிட்டு, தொட்டியருகே போய் உட்கார்ந்திருப்பார். கடலின் அடியில், வெளிச்சமே இல்லாத இடத்தில், இத்தனை காலமும் இது இருந்திருக்கிறது என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

வளர்த்து வைத்திருந்த துணுக்குகள் தீர்ந்த பிறகு சங்கு எதையும் சாப்பிடவில்லை என்பதை அமலா அப்போதுதான் கவனித்தாள்.

மீன் போட்டாள். புழு போட்டாள். வேறு ஒருவரின் கட்டித் துணுக்கைக்கூடப் போட்டுப் பார்த்தாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆவுடையப்பனின் துணுக்குகள் விழும் மூலையிலேயே நாள் முழுக்கக் காத்துக் கிடந்தது. ஓட்டின் விளிம்பு வெளுக்கத் தொடங்கியது.

"நாம அதுக்கு ஒரு பசியைக் கத்துக்கொடுத்துட்டோம், சார்," என்றாள் மக்தூமிடம். "அதை மறக்கடிக்க வழி தெரியலை. அதுக்கு இனிமே உலகத்துல ஒரே உணவுதான். அந்த உணவை நாமளே இல்லாமப் பண்ணிட்டோம்."

"ஆய்வுக்கு வச்சிருந்த துணுக்கு?"

"எல்லாம் தீர்ந்துபோச்சு. பனிப்பெட்டியில கொஞ்சம் இருக்கு. அதை வளர்க்கணும், காலம் பூரா வளர்த்துக்கிட்டே இருக்கணும். அவர் சம்மதம் இல்லாம எப்படி வளர்க்கிறது?"

ஆவுடையப்பன் பரிசோதனைக்கு வந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாய் திறக்கும் முன் பூங்கனி எழுந்துவிட்டாள்.

"எம்புருசன அரிச்ச சனியன வீட்ட விட்டு வெரட்டியாச்சு. இப்ப அத ஒரு பாட்டில்ல போட்டு வளக்கணும்ங்கீங்களா? சாகாம? காலத்துக்கும்?"

"பூங்கனி, கோவப்படாதீங்க..."

"கோவம் இல்ல, டாக்டரம்மா. அந்தச் சங்கு நல்லாருக்கட்டும். அதுக்கு எத்தன வெளக்கு வேணாலும் போடுதேன். ஆனா அவுக ஒடம்புல இருந்த அந்த எழவு இந்த உலகத்துல எங்கேயோ உசுரோட இருக்குன்னு நெனச்சா என்னால தூங்க முடியாது. அத எரிச்சிருங்க."

ஆவுடையப்பன், "யோசிச்சுச் சொல்லுதேன், மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவருகே நின்று ஒருமுறை தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் மறுபடி வந்தபோது பூங்கனியோடு தங்கையும் வந்திருந்தாள். இசக்கியம்மாள். ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அண்ணனைவிட ஆறேழு வயது இளையவள், கலகலவென்று பேசுகிறவள். "எங்கண்ணனக் காப்பாத்துன சாமியப் பாக்கணும்," என்று அவள்தான் கிளப்பிக்கொண்டு வந்தாளாம்.

சங்கு இப்போது நகர்வதே அரிதாகியிருந்தது. ஆவுடையப்பன் தொட்டியின் முன்னே குந்தினான்.

"மேடம், நான் கைய உள்ள வைக்கட்டுமா?"

"எதுக்கு?"

"என்கிட்ட ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் அதுக்குத் தெரியும்லா? ஸ்கேன்ல தெரியாட்டியும்."

அமலா யோசித்தாள். அது பசியில் இருந்தது, பயத்தில் இல்லை. பசியின் நஞ்சு கட்டி இல்லாத உடம்பை ஒன்றும் செய்யாது. சரி என்றாள். ஆனாலும் மூச்சுக்கருவியைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவன் கை தண்ணீருக்குள் போனதும் சங்குக்கு உயிர் வந்தது. ஊர்ந்து வந்தது. விரல் விரலாக முகர்ந்தது. உள்ளங்கையில் ஏறியது, மணிக்கட்டுக்குப் போனது, தான் முன்பு கொத்திய இடத்தில் நின்று நெடுநேரம் தேடியது. பிறகு துதிக்கையைச் சுருக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது.

"ஒண்ணும் இல்ல," என்றாள் அமலா. "அதுக்குச் சாப்பிட உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

பூங்கனி அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவன் ஈரக் கையோடு அவளை அணைத்துக்கொண்டான். அமலாவும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இசக்கியம்மாள் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து விரல் நுனிகளைத் தண்ணீரில் விட்டதை யாரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, இங்க பாரு," என்று அவள் சிரித்தாள். "எங்கிட்ட வருது."

அமலா திரும்பினாள். சங்கு மணலில் கோடு கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதில் தேடலே இல்லை. துதிக்கை நேர்க்கோடாக நீண்டிருந்தது. ஆவுடையப்பனின் கட்டித் துணுக்குக்காக மட்டும்தான் அது இப்படி நீட்டும்.

அமலா தண்ணீர் கலங்காமல் ஒரு கண்ணாடித் தகட்டை இடையே இறக்கினாள். "விரலை மெதுவா எடுங்கம்மா," என்றாள். சங்கு தகட்டில் வந்து முட்டியது. முட்டிய இடத்திலேயே நின்றது.

இசக்கியம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "என்ன, டாக்டர்?"

அமலா ஆவுடையப்பனைப் பார்த்தாள். "உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"வயித்துவலி வயித்துவலின்னு சொல்லித்தான் போய்ச்சேந்தா. அப்ப யாரு பாத்தா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. எழுந்து தங்கையின் பக்கத்தில் போய் நின்றான்.

மக்தூமின் முதல் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. சங்குகூடத் தப்பு பண்ணலாம் என்றார். அமலா கெஞ்சியதால் இன்னும் நுணுக்கமான ஒன்றை எடுத்தார். படத்தைத் திரையில் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, கணையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார்.

"இவ்வளவு சின்னதா நான் பார்த்ததே இல்லை," என்றார். "இந்த நிலையில யாரும் எங்கிட்ட வந்ததில்லை. வலிச்சாத்தானே வருவாங்க. வலிக்கிறப்ப நேரம் கடந்திருக்கும்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரே ரத்தம். அண்ணனுக்கு இருந்த அதே மரபணுப் பிழை. சங்கு கண்டுபிடிச்சிருச்சு, அமலா."

இசக்கியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அறுவை சிகிச்சையிலேயே எடுத்துவிடலாம், சங்கிடம் கை நீட்ட வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார்கள். அவள் முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அறுத்து எடுத்தா அத என்ன செய்வீங்க?"

"கொஞ்சம் பரிசோதனைக்கு. மீதியை எரிச்சிருவோம்."

"அது பட்டினி கெடக்குல்லா," என்றாள் இசக்கியம்மாள். "எனக்கு வேண்டாத ஒண்ணு. அதுக்கு அதுதான் சோறு. அதுகிட்டயே குடுத்துருதேன்."

இந்த முறை எந்தக் கப்பலும் ஊதவில்லை. சங்கு தயங்கவும் இல்லை. அது கொத்தியபோது அண்ணன்தான் கண்ணை மூடிக்கொண்டான். தங்கை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. செய்தியைச் சொன்னதும் எல்லோரும் கைகூப்பிவிட்டு, இனிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். பூங்கனி மட்டும் வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். தொட்டியின் முன் நின்றாள். உள்ளே சங்கு மறுபடி தன் மூலைக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"எம்புள்ளைக ரெண்டு பேரு இருக்காவ. மூத்தவ பத்தாவது படிக்கா. சின்னவன் ஆறாவது." அவள் சங்கைப் பார்த்தாள். "ரெண்டும் அவுக ரத்தம்தான?"

அமலா தலையை ஆட்டினாள்.

பூங்கனி கண்ணாடியில் கையை வைத்தாள். சங்கு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் அதற்கு வேண்டியது எதுவும் இல்லை. கணவனின் உடம்பில் அவள் வெறுத்த அந்த ஒன்று, எரித்துவிடச் சொன்ன அந்த ஒன்று, இன்னும் பனிப்பெட்டியில் இருந்தது.

"அத வளத்துக்கிட்டே இருங்க, டாக்டரம்மா," என்றாள் கடைசியில். "அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அத ஒருநாளும் சாகவிட்றாதீங்க."